ஒரு ஜாண் தள்ளி அடித்த ஆணி

கூடப் பிறந்த அண்ணாவை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்கிற தங்கை என்று யாராவது என்னைப் பேசினால் தாராளமாகப் பேசிக்கொள்ளட்டும். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. முலுண்டிலிருந்து முப்பது வருஷமாக லோக்கல் ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போய் வருகிறவள் நான். பேச்சுக்கெல்லாம் பயந்தது போதும். தவிர, இது அண்ணாவின் கதையில்லை. என் மன்னி அகிலாண்டத்தின் கதை.

மன்னிக்கு ஐம்பத்தெட்டு வயது. செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவளும் என் அண்ணா அனந்தகிருஷ்ணனும் இருக்கிறார்கள். ஒரே பிள்ளை கேஷவ் கல்யாணமாகித் தனியே போய்விட்டான். பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் மன்னி. கணக்காகப் பேசுவாள், அதிகம் பேசமாட்டாள். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆணி அகிலா.

அந்தப் பெயர் வந்த கதையை என்னைவிட ருசியாகச் சொல்ல எங்கள் வகையறாவில் ஆள் கிடையாது. அந்த வெட்கக்கேட்டையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம், இந்தச் செம்பூர் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்தது, பால் காய்ச்சியாயிற்று. மாதுங்காவிலிருந்து வந்த சமையல்காரர் பாயச அண்டாவை இறக்கி வைத்திருக்கிறார். வீடு நிறைய ஜனம். அண்ணாவின் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரிகூட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சமையலறைச் சுவரில் குருவாயூரப்பன் படத்தை மாட்டலாம் என்று மன்னி ஸ்டூல் மேல் ஏறி ஓர் ஆணி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது அடியில் சுவர் காரை பெயர்ந்து விழுந்தது, தண்ணீர் பீறிட்டது. பாயசத்தில் தண்ணீர், அப்பளத்தில் தண்ணீர், எட்டிப் பார்க்க வந்த மாமாவின் ஜரிகை வேஷ்டியெல்லாம் தண்ணீர். அண்ணா ஓடி வந்து மன்னியின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினான். "இவ கையில சுத்தியலைக் குடுத்தது யாரு? ஆத்துக்குள்ள அணையே கட்டிட்டாளே!" என்று கத்தினான். ஜனம் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மன்னி நனைந்த பட்டுப்புடவையோடு ஸ்டூல் மேலேயே நின்றாள்.

இவ்வளவுதான் கதை. இதை இருபத்தாறு வருஷம் சொன்னோம். பூணலில் சொன்னோம், சஷ்டியப்தபூர்த்தியில் சொன்னோம், கேஷவ் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு நானே நடித்துக் காட்டினேன். மன்னியும் கூடச் சிரிப்பாள். சிரித்துவிட்டு ஏதாவது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் உள்ளே போவதை நான் கவனித்ததே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மன்னி ஒரு திருப்புளியைக்கூடத் தொடவில்லை. பல்ப் ஃப்யூஸ் போனால் வாட்ச்மேனைக் கூப்பிடுவாள். குக்கர் கைப்பிடி ஆடினால் கடைக்கு எடுத்துக்கொண்டு போவாள். அதெல்லாம் கிடக்கட்டும், இதைக் கேளுங்கள். ஒரு சமயம் அவள் கம்பெனியில் பம்ப் பழுது பார்க்கும் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்து ஆள் எடுத்தார்கள். இவளுக்கு டிராயிங் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மேனேஜரே கூப்பிட்டு, நீங்கள் போங்கள் என்றார். மன்னி என்ன சொன்னாள் தெரியுமா? "வேண்டாம் சார், எனக்குக் கை சரியில்லை. நான் தொட்டா ஒடைஞ்சுடும்." அந்த இடத்துக்குப் போன இன்னொருத்தி அந்தப் பிரிவுக்கே தலைவியாகி ஓய்வு பெற்றாள். இதையும் மன்னி எங்களிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாங்களும் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவள் வீட்டு சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் நகுலுக்கு அண்ணா போன் செய்தான். "கல் ஆத்தா ஹூன்", நாளைக்கு வருகிறேன் என்றான் அவன். அவனுடைய நாளைக்கு மூன்று வாரம் ஆயிற்று. சொட்டுச் சத்தம் கேட்காமலிருக்க மன்னி குழாயில் ஒரு துணிநாடாவைக் கட்டித் தொங்கவிட்டாள். அண்ணா ரிடையரான மனுஷன், ஈசிசேரில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பான். "வருவான், வருவான், என்ன அவசரம்" என்பான். நாலாவது வாரம் ஒரு மத்தியானம் அவன் லைப்ரரிக்குப் போனதும் மன்னிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. போனில் ஒரு ஹிந்தி வீடியோவைப் பார்த்தாள். தண்ணீர் வால்வை மூடினாள். பக்கத்து வீட்டில் ஒரு பானா, அதாவது ஸ்பானர், கடன் வாங்கி, குழாய்த் தலையைக் கழற்றிவிட்டாள்.

"கழட்டினதும் அந்த நாள் ஞாபகம் வந்துடுத்து விஜி. ஸ்டூல் மேல நிக்கற மாதிரியே இருந்தது" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

உள்ளேயிருந்த தேய்ந்த வாஷரையும் குழாய்த் தலையையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கல்லாவில் சுலைகா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா வைத்த கடையை அவளும் அவள் புருஷன் ஜமாலும் பார்த்துக்கொள்கிறார்கள். சுலைகா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத யாரு கழத்துனதுக்கா?"

"நான்தான். தப்பாப் பண்ணிட்டேனா?"

"தப்பா? மரை தேயாம சுத்தமால்ல கழத்தியிருக்கிய! இங்க வார பிளம்பர் பயலுவள்ல பாதிப் பேரு குழாயையே ஒடச்சிட்டுத்தான் வந்து நிப்பானுவ."

அன்றைக்கு மன்னி வீடு வரை நடந்தே வந்தாளாம், பஸ் ஏறத் தோன்றவில்லையாம். புது வாஷரைப் போட்டாள், குழாய் சொட்டு நின்றது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டுவிட்டது. ஃப்ளஷ் டாங்கின் மிதவையை மாற்றினாள். ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவுக்குப் புதுக் கீல் போட்டாள். பாத்ரூம் ஜன்னல் சந்துகளைப் பூசி அடைத்தாள். தனக்கென்று ஒரு பானா, ஒரு சுத்தியல், இரண்டு திருப்புளி, ஓர் உளி வாங்கி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். திருட்டு நகை மாதிரி! அண்ணா கேட்டால் நகுல் வந்து செய்தான் என்றாள். தன் வீட்டுக் குழாயைத் தானே சரி செய்ததைச் சொல்ல அந்தப் பயம், பாருங்கள்.

சுலைகாவிடம் போய் வந்து சிநேகமாகிவிட்டது. ஒருநாள் டீ குடித்துக்கொண்டே ஆணி கதையைத் தானே அவளுக்குச் சொன்னாள், சிரிப்பாள் என்று நினைத்து. சுலைகா சிரிக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. எவ்வளவு நீள ஆணி?"

"படம் மாட்டற ஆணிதான். ஒரு இன்ச்."

"அந்தக் காலத்து பில்டிங்ல செவத்துக்குள்ள இரும்பு பைப்பு. ஒரு இன்ச் ஆணி அதுல போயி முட்டுச்சுன்னா ஆணிதான் வளையும். இரும்புல ஓட்ட விழணும்னா ட்ரில் மிஷின் வேணும்க்கா."

"பின்ன தண்ணி எப்படி வந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? செவத்தத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

மன்னி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னாள். போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மழை முடிந்து தசரா போனதும் கீழ் வீட்டு சுரேந்திரன் மேலே வந்தார். அவர் வீட்டு சமையலறைக் கூரையில் ஈரம், வெள்ளையடித்தது உப்பி உதிர்கிறது என்றார். சுரேந்திரன் நல்ல மனுஷன். ஆனால் தலையில் சொட்டினால் யார்தான் எத்தனை நாள் நல்ல மனுஷனாக இருப்பார்கள்? இந்த ஊரில் கீழ் வீட்டில் ஈரம் என்றால் மேல் வீட்டுக்காரன்தான் குற்றவாளி. நகுல் ஒருவழியாக வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான். சமையலறைச் சுவரில்தான் கோளாறு, டைல்ஸைப் பெயர்க்க வேண்டும் என்றான்.

அண்ணா குதித்தான். "அந்தச் சுவர்ல ஒண்ணும் இல்லை. பாத்ரூம்லேர்ந்துதான் வரது. அதைப் பாருடா." நகுல் தலையைச் சொறிந்துகொண்டு பாத்ரூமைப் பெயர்த்து, புதிதாகப் பூசிவிட்டுப் போனான். கீழே ஈரம் நிற்கவில்லை. மறுபடி நகுல், மறுபடி அண்ணா: "சமையலறைச் சுவரைத் தொடாதே." எனக்குக்கூட போனில் சொன்னான், "கிச்சன் சுவரை ஒடைச்சா வீடே ரெண்டுபட்டுடும் விஜி" என்று. நானும் மண்டையை ஆட்டினேன். கடைசியில் சொசைட்டியிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்து நாளில் சரி செய்யாவிட்டால் சொசைட்டியே ஆள் அனுப்பி உடைத்துச் செய்யும் என்று. அண்ணா அதை மடித்துப் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டு, கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு என்று பாலக்காடு கிளம்பிவிட்டான். வந்து பார்த்துக்கொள்ளலாமாம்.

அவன் ரயில் ஏறிய மறுநாள் காலையில் மன்னி எனக்குப் போன் செய்தாள். "விஜி, இன்னிக்கு லீவு போட முடியுமா? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பக்கத்துல நின்னா போதும்."

குர்லாவில் இறங்கி ஹார்பர் ரயில் மாறி, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மன்னி பழைய நைட்டிக்கு மேல் அண்ணாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றாள். சமையல் மேடையெல்லாம் காலி. அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் டின் வெளியே வந்தது.

"மன்னி, நிஜமாவே ஒடைக்கப் போறேளா? அண்ணா வந்து தையாத்தக்கான்னு குதிப்பானே!"

"குதிக்கட்டும். அவர் குதிச்சா கீழ் வீட்டு சுரேந்திரனுக்குத்தான் கேக்கும்."

மன்னி கேலி பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். வால்வை மூடினாள். சுத்தியல் பிடியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே இணைப்புக் கோட்டில் உளியை வைத்தாள். அடித்த அடியெல்லாம் சின்னச் சின்ன அடி. கால் மணி நேரத்தில் முதல் டைல் உடையாமல் முழுசாகக் கையோடு வந்தது. அதைத் துடைத்து ஓரமாக வைத்தாள். பின்னால் இருந்த பூச்சு ஊறிப்போய், விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டியது.

உள்ளே துருப்பிடித்த இரும்புப் பைப். அதன் நடுவில் ஒரு பட்டை போட்டுக் கட்டியிருந்தது. கிளாம்ப் என்பார்களே, ஓட்டையின் மேல் ரப்பரை வைத்து இரும்புப் பட்டையால் இறுக்குவது. ரப்பர் இற்றுப்போயிருந்தது. அதன் ஓரத்தில்தான் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. மன்னி நட்டுகளைக் கழற்றிப் பட்டையை எடுத்தாள். பைப்பில் வட்டமாக, சுத்தமாக, ஓர் ஓட்டை. அது ட்ரில் போட்ட ஓட்டை என்று எனக்கே தெரிந்தது. அதற்கு நேர் வலப்பக்கம், முக்கால் அடி தள்ளி, அதே மட்டத்தில், திருகாணி பிடிப்பதற்காகச் சுவருக்குள் செருகுகிற ஒரு பிளாஸ்டிக் கிட்டி, அதற்குள் ஒரு திருகாணி, இன்னும் இருந்தது.

"இது ரெண்டும் ஜோடி" என்றாள் மன்னி. "ஏதோ பிராக்கெட் மாட்டின இடம். என் ஆணி எங்கே?"

மேலே ஒரு டைலைக் கழற்றினாள். அங்கே காய்ந்த செங்கல். அதில் அவள் ஆணி, டைல்ஸ் ஒட்டுவதற்காகத் தலை நறுக்கப்பட்டு அப்படியே இருந்தது. கையை விரித்து அளந்தாள். ஓட்டைக்கு ஒரு ஜாண் மேலே. அந்தப் பைப் கீழேயிருந்து வந்து குழாய்க்குத் திரும்புகிறது. ஆணி இருந்த இடத்துக்கு அது போகவே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் அந்த வீட்டில் இருந்தேன். அண்ணா ஆபீஸிலிருந்து ட்ரில் மிஷின் கொண்டுவந்து வாட்டர் ஃபில்டர் மாட்டினான். பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இடப்பக்கத்து ஓட்டை போடும்போது மிஷின் அலறியது. "ஏதோ கம்பி தட்டுப்படறது" என்று அழுத்தி ஒரு தள்ளு தள்ளினான். கட்டடத்தில் அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிடவில்லை, அதனால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. திருகாணியை முறுக்கிவிட்டான், அது தக்கை மாதிரி அடைத்துக்கொண்டுவிட்டது. மறுநாள் தண்ணீர் வந்தது, மன்னி ஆணி அடித்த அதிர்வில் தக்கை பிடுங்கிக்கொண்டது. எல்லாரும் ஹாலில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பிளம்பரோடு சமையலறையில் தனியாக நின்றவன் அண்ணா. சுவரை உடைத்துப் பட்டை போட்டதை அருகிலிருந்து பார்த்தவன் அண்ணா. இங்கே வெளிச்சம் போறாது என்று அன்றைக்கே ஃபில்டரை எதிர்ச் சுவருக்கு மாற்றியவனும் அவன்தான். இரண்டே மாதத்தில் இந்தச் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினான்.

அவனுக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்தன்றைக்கே தெரியும்.

நடந்ததையெல்லாம் மன்னியிடம் சொன்னேன். அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஷவ் குழந்தையா இருந்தப்போ அவன் சைக்கிள் செயின் கழண்டா, 'அம்மா நீ தொடாதே'ம்பான். நாலு வயசுப் பிள்ளை, விஜி. அதுக்கு யார் சொல்லிக்குடுத்தா?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வேறு யார்? அந்தக் கதையை அவனுக்குத் தூங்கவைக்கும் கதையாகச் சொன்ன பாவி நான்தானே.

கொஞ்ச நேரம் கழித்து மன்னி எழுந்தாள். சுலைகாவுக்குப் போன் செய்து அளவு சொன்னாள். ஜமால் ஸ்கூட்டரில் புதுப் பட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மன்னி பைப்பில் துருவை உரசித் துடைத்து, ரப்பரை வைத்து, நாலு நட்டையும் மாற்றி மாற்றி, ஒரே பக்கம் இழுக்காமல் இறுக்கினாள். என்ன பொறுமை, என்ன கணக்கு! இந்தக் கையையா சரியில்லை என்று சிரித்தோம்! வால்வைத் திறந்து, பைப்புக்கு அடியில் பேப்பரைச் செருகிவைத்துவிட்டுக் காப்பி போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பேப்பரை எடுத்தாள். காய்ந்திருந்தது. நாலு நாளில் சுரேந்திரன் வந்து, ஈரம் நின்றுவிட்டது, எந்த பிளம்பர் என்று கேட்டார். "நான்தான்" என்றாள் மன்னி. அவர் சிரித்தார், ஜோக் என்று நினைத்து.

அண்ணா வந்த அன்று நானும் போனேன். சுவரைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. மன்னி காப்பியை அவன் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோல்லியோ?"

அவன் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவனைப் பாராட்ட மனசு வரவில்லை.

"அதுக்கென்ன இப்போ? நீ அடிச்சதாலதானே தண்ணி வந்தது?"

"ஓட்டை யார் போட்டா?"

"அன்னிக்கு ஜெனரல் மேனேஜர் உக்காந்திருந்தார் அகிலா. உங்கப்பா, எங்கப்பா, எல்லாரும். அத்தனை பேர் முன்னாடி நான் தலை குனிஞ்சு நிக்கணுமா?"

"அதுக்காக நான் நின்னேன்."

"ஒரு நாள் கூத்து. எல்லாரும் சிரிச்சா, மறந்தா."

"மறக்க விட்டேளா?" மன்னியின் குரல் ஏறவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாம ரெண்டு பேரும் தனியா இருக்கறச்சே சொல்லியிருக்கலாமே. 'அகிலா, அது நான் பண்ணினது'ன்னு. நான் யார்கிட்டேயும் போய்ச் சொல்லியிருக்கப் போறேனா? உங்களை விட்டுக்குடுத்திருப்பேனா? அந்த பம்ப் பிரிவு வேலைக்குப் போயிருப்பேன், அவ்வளவுதான்."

அண்ணா காப்பியைக் குடிக்கவில்லை. மன்னி ஒன்றே ஒன்று கேட்டாள். தை மாதம் கோபர்கைரனேயில் கேஷவ் வாங்கியிருக்கும் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அதே ஜனம் வரும், இருக்கிறவர்கள் அத்தனை பேரும். "அன்னிக்கு அவா முன்னாடி நிஜத்தைச் சொல்லுங்கோ. வேற ஒண்ணும் வேண்டாம்." அண்ணா தலையாட்டினான். "சொல்றேன்" என்று வாய்விட்டும் சொன்னான். நான் சாட்சி.

தை மாதம் வந்தது. புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. கேஷவ் குருவாயூரப்பன் படத்தை எடுத்துவந்து, கார்ப்பெண்டர் வரட்டும் என்றான். மன்னி பையைத் திறந்து சுலைகாவிடம் இரவல் வாங்கிவந்த ட்ரில்லை எடுத்தாள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஹாலில் கூடிவிட்டார்கள். "ஐயோ, ஆணி அகிலா! பாயசத்தை மூடி வைங்கோ!" என்று ஒரு மாமி கூவினாள். ஒரே சிரிப்பு. கேஷவின் மாமனார் அண்ணாவைப் பார்த்துக் கையைத் தட்டி, "சம்பந்தி, அந்தக் கதையை உங்க வாயால கேக்கணும்" என்றார்.

மன்னி ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் எழுந்தான். வேஷ்டியைச் சரி செய்துகொண்டான். தொண்டையைக் கனைத்தான்.

"தொண்ணூத்தெட்டுல," என்று ஆரம்பித்தான் அண்ணா, "இவ ஸ்டூல் மேல ஏறி ஒரு ஆணி அடிச்சா பாருங்கோ..."

அப்படியே சொன்னான். மாமா வேஷ்டியை விடவில்லை, அப்பளத்தை விடவில்லை, ஆத்துக்குள் அணை கட்டியதையும் விடவில்லை. எல்லாரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தான். என் கண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திணறினான், பிறகு இன்னும் பலமாகச் சிரித்தான். நான் எழுந்து, "பொய்!" என்று கத்தினேன். சத்தியமாகக் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் கதையைச் சொன்னவள் நானாயிற்றே, எனக்கு யார் காது கொடுப்பார்கள்?

மன்னி இந்தத் தடவை உள்ளே போகவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள். பென்சிலால் குறித்தாள். ஓட்டை போட்டுக் கிட்டியைச் செருகித் திருகாணியை முறுக்கிப் படத்தை மாட்டினாள். காரை ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை. சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. ட்ரில்லைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, பரிமாறப் போனாள். அண்ணாவின் இலைக்கும் பரிமாறினாள்.

இதெல்லாம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. செம்பூர் வீட்டில் இன்றைக்கு ஆடுகிற கதவு கிடையாது, சொட்டுகிற குழாய் கிடையாது. இப்போதெல்லாம் மாடி மாடியாக மாமிகள் மன்னியைத்தான் கூப்பிடுகிறார்கள். சமையலறைச் சுவரில் மட்டும் அந்த இரண்டு டைல்ஸை அவள் திரும்ப ஒட்டவில்லை. துடைத்துக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். சுவரில் பைப்பும் பட்டையும் திருகாணியும், மேலே அவள் ஆணியும், எல்லாம் தெரிகிறது. அண்ணா தண்ணீர் குடிக்கப் போனால் கண்ணெதிரே அதுதான். வருகிறவர்கள் அது என்ன ஓட்டை என்று கேட்டால் மன்னி அடுப்பிலிருந்து திரும்பாமல், "அவரைக் கேளுங்கோ, அவருக்குத்தான் தெரியும்" என்கிறாள். அண்ணா ஈரம், சும்மா ஈரம் என்று ஏதோ முனகுகிறான். மன்னி அவனோடு சண்டை போடுவதில்லை. காப்பி, சாப்பாடு, மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. அவன் சொல்கிற எதையும் அவள் நம்புவதில்லை, அவ்வளவுதான். மழை வரும் என்று அவன் சொன்னால்கூட ஜன்னலுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா என்னைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"விஜி, நீ சொன்னா கேப்பா. அந்த டைல்ஸை ஒட்டச் சொல்லேன். பாக்கப் பாக்க என்னமோ பண்றது."

"எல்லாரையும் கூப்பிட்டு நிஜத்தைச் சொல்லிடு அண்ணா. அன்னிக்கே ஒட்டிடுவா."

அண்ணா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரோட்டைப் பார்த்தான். அறுபத்திமூன்று வயதாகிறது அவனுக்கு. "இனிமே சொன்னா," என்றான், "என்னைப் பத்தி எல்லாரும் என்ன நெனைப்பா?"

உள்ளே மன்னி யார் வீட்டு மிக்ஸியையோ கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்ட திருப்புளியை எடுத்துக் கொடுத்தேன்.